எண்ணெய் விடக் கூடாத சக்கரம்

கதைக்கு முன்பு சில செய்திகளைக் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும்.

வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தால் குடல் சில நாள் உறங்கிவிடும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் கீழ்க்காற்றுப் பிரிதல். அதுவரை அந்த மருத்துவமனையில் நோயாளிக்குத் தண்ணீரும் கிடையாது.

மாப்பிள்ளையின் எதிரே உரக்கத் தும்முவதற்கும் கூசுகிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வார்டின் மருந்து வண்டியில் ஒரு சக்கரம் கிறீச்சிடும். பொறுப்புச் செவிலியர் பெனிட்டா அதைப் பழுதுபார்க்க ஒருவரையும் விட்டதில்லை.

பெனிட்டாவுக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் புதிதாகப் பணி பழக வந்த வள்ளிநாயகிக்கு முப்பத்தெட்டு. பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வந்து, வகுப்பில் முதலாவதாகத் தேறியவர். ஆகவே ஆசிரியை மாணவியை ‘அக்கா’ என்றும், மாணவி ஆசிரியையை ‘சிஸ்டர்’ என்றும் அழைத்தார்கள்.

அன்று காலை வள்ளிநாயகி இரண்டு காரியங்களைச் செம்மையாகச் செய்து முடித்தார். வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். வயிற்று அறுவை முடிந்து படுத்திருந்த கோமதியம்மாளுக்குத் துணையிருந்தவரிடம், காற்றுப் பிரிகிறதா எனக் கவனித்து உடனே வந்து சொல்லும்படி பாடநூல் முறைப்படி விளக்கினார்.

துணையிருந்தவர் மாப்பிள்ளை இசக்கிமுத்து. மகள் நிறைமாதக் கர்ப்பிணி; வேறு ஆள் இல்லை. அதனால் பெண்கள் வார்டாக இருந்தும் பகலில் அவரை விட்டிருந்தார்கள்.

இசக்கிமுத்து கடமை தவறாதவர்.

“அத்தை, காத்து பிரிஞ்சிட்டா?”

கோமதியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு இல்லையென்று தலையசைத்தார்.

சற்று நேரம் கழித்து, “அத்தை, இப்ப?”

அடுத்த கட்டில் மாரிக்கனி எக்கிப் பார்த்தார். “இன்னுமா வரல? எனக்கு வந்தப்ப வார்டே எந்திரிச்சு உக்காந்துட்டுல்லா!”

வார்டு சிரித்தது. கோமதியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தவில்போல் உப்பியிருந்தது.

“மதியம் வருவேன். அதுக்குள்ள பிரியலன்னா மறுபடியும் மூக்கு வழியா குழாய். அப்புறம் ஸ்கேன். தேவைப்பட்டா திரும்பத் திறந்து பாக்கணும்.”

கோமதியம்மாளின் கண்ணோரம் நீர் வழிந்து தலையணையை நனைத்தது.

வள்ளிநாயகி குழாயை எடுத்து வைத்தார்.

“சிஸ்டர், படிச்சதுல நான் எதையும் விடல. நடக்க வெச்சேன். புரண்டு படுக்க வெச்சேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். எதுல தப்பு?”

பெனிட்டா கோமதியம்மாளின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அதை வள்ளிநாயகியின் காதில் மாட்டினார்.

உள்ளே உலை கொதித்தது.

“குடல் முழிச்சிட்டு சிஸ்டர்!”

“அப்ப ஏன் வெளிய வரல? காலைப் பாருங்க, அக்கா.”

கால்விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. இசக்கிமுத்து அக்கறையோடு ஸ்டூலை நெருக்கிப் போட்டார். அவை மேலும் இறுகின.

“அடக்கிட்டு இருக்காங்க!” வள்ளிநாயகி மூச்சை இழுத்தார். “திரைய இழுத்து விடட்டுமா?”

“திரை கண்ணுக்குத்தான். காதுக்கு?”

“அப்ப அவர வெளிய அனுப்பிருவோம்.”

“எதுக்குப் போகச் சொல்றோம்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா? அவர் திரும்பி வந்து முதல்ல என்ன கேப்பாரு?” பெனிட்டா கடிகாரத்தைப் பார்த்தார். “மருந்து வண்டியக் கொண்டு வாங்க. சீக்கிரம்!”

வண்டி பட்டுப்போல் உருண்டு வந்தது. பெனிட்டா அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். ஓசையே இல்லை.

“எண்ணெய் விட்டீங்களா அக்கா?”

“காலையிலேயே, சிஸ்டர்.”

பெனிட்டா நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுகணமே அவர் குரல் வார்டெங்கும் கேட்டது.

“இசக்கிமுத்து அண்ணே! ஒரு கை குடுங்க. அந்த மூலைல கிடக்குற காலிக் கட்டில் இந்தக் கோடிக்கு வரணும்.”

“அதுக்கென்ன சிஸ்டர்! அப்படியே தூக்கிட்டு வந்துருதேன்.”

“தூக்காதீங்க. இழுங்க!”

இரும்புக் கட்டில் மொசைக் தரையில் அலறியது. மாரிக்கனி காதைப் பொத்தினார். பெனிட்டா கோமதியம்மாளின் பாதத்தில் கை வைத்து, அவர் முகத்தருகே குனிந்தார்.

“அம்மா, இப்ப.”

கோமதியம்மாள் அவரைப் பார்த்தார். ஒரு கால்விரல் நிமிர்ந்தது.

கட்டில் நின்றது. “கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுதேன், சிஸ்டர்!”

விரல் மீண்டும் மடங்கியது.

“நிறுத்தாதீங்க அண்ணே!” என்று கத்தியவர் வள்ளிநாயகி. ஓடிச் சென்று கட்டிலின் மறுமுனையைப் பற்றினார். “இழுங்க! இன்னும்! இன்னும் கொஞ்சம்!”

இருவரும் கட்டிலை வார்டின் கோடிவரை இழுத்தார்கள். வந்த வழியே மறுபடியும் இழுத்தார்கள். ஏனென்று இசக்கிமுத்து கேட்கவில்லை. வேர்வை வழிய உற்சாகமாக இழுத்தார். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

பெனிட்டா கையை உயர்த்தினார். ஓசை அடங்கியது.

கோமதியம்மாளின் கால்விரல்கள் அனைத்தும் விரிந்திருந்தன. முகத்தில் நிறம் வந்திருந்தது.

“சிஸ்டர்,” என்றார் மெல்ல, “தண்ணி குடிக்கலாமா?”

வள்ளிநாயகி வாய் திறந்தார். பாடநூல் கேட்கச் சொன்ன கேள்வி நாவின் நுனிவரை வந்தது. கோமதியம்மாளின் கண்களைப் பார்த்தார். கேள்வியை விழுங்கிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

நடைவழியில் சிரிப்பை அடக்க முடியாமல் செவிலியர் இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

“சிஸ்டர், இதெல்லாம் எந்தப் பாடத்துல வருது?”

பெனிட்டா தள்ளி வந்த ஓசையற்ற வண்டியைக் காலால் மெல்ல உந்தினார்.

“அந்த எண்ணெயத் துடைச்சு எடுக்க முடியுதான்னு பாருங்க, அக்கா.”

பின்னர் உறுதியான செய்திகள் இவை. குழாய் அலமாரிக்குத் திரும்பியது. மருத்துவர் வந்தபோது வயிறு தளர்ந்திருந்தது. மறுநாள் கோமதியம்மாள் கஞ்சி குடித்தார். யாராலும் அசைக்க முடியாத கட்டிலை அசைத்தவர் தாமே என்று இசக்கிமுத்து ஊரில் இன்றும் சொல்லி வருகிறார்; அத்தை மறுத்ததில்லை.

மண்ணெண்ணெயில் கழுவிய சக்கரம் மழைக்காலத்தில் துருவேறி மீண்டும் கிறீச்சிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வள்ளிநாயகி வார்டின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு நடந்தார். அது மருந்து கொடுக்கும் நேரமன்று. வேறொரு கட்டிலில் கால்விரல்கள் மடங்கியிருந்தன.