கடல் மணக்கும் பெட்டி

"ஒரு பொருளை நூறு வருஷம் கெடாம வைக்கது எப்படி டீச்சர்? எனக்கு அதைச் சொல்லித் தாங்க."

கஸ்பார் மச்சாது இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலின் வயிற்றிலிருந்து எத்தனையோ டன் சரக்கைத் தூக்கி, ஒரு மூட்டை சிந்தாமல் கரையில் இறக்கியவர். கேள்வி கேட்கப்பட்டவரோ அவரைவிட இருபது வயது இளையவர்.

பேச்சியம்மாள். அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சங்கு, சிப்பி, சோவி எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் டீச்சர். பெயரில் இருக்கிற பேச்சு வாயில் கிடையாது.

"எதைக் கெடாம வைக்கணும் அண்ணாச்சி?"

"கொஞ்சம் சிப்பி. மணப்பாட்டுக் கடற்கரையில எடுத்தது."

"யார் எடுத்தது?"

எந்தச் சிப்பி வந்தாலும் இந்த இரண்டைத்தான் முதலில் கேட்பார். எங்கே எடுத்தது? யார் எடுத்தது? பதில் தெரியாத சிப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே சேர்க்க மாட்டார்.

"என் வீட்டுக்காரி. ரெஜினா. திருவிழாவுக்குப் போயிருந்தோம், நாங்க ரெண்டு பேரும். முந்தியில அள்ளிக்கிட்டு வந்தா."

"பிள்ளைங்க போகலியா?"

"மக வந்தா. ஹில்டா. அப்ப சின்னது. அங்கன எங்கயாவது விளையாடிக்கிட்டு நின்னிருக்கும்."

பேச்சியம்மாள் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். வேப்பமர நிழலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் மகளா?"

"ஆமா. என்னைக் கொண்டுவந்து விட்டா."

"மேல வரலியா?"

"அவளுக்கு இங்கன என்ன சோலி?"

பேச்சியம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

மச்சாதுவின் குரல் இறங்கியது. "ரெஜினா போயி பத்து வருஷம் ஆச்சு டீச்சர். முகம் மறந்துக்கிட்டே வருது. போட்டோவுல இருக்க முகம் ஞாபகம் இருக்கு. போட்டோவுல இல்லாத முகம்தான் போயிக்கிட்டு இருக்கு. சிரிச்சது, ஏசினது, அதெல்லாம். இந்தச் சிப்பியும் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"செவ்வாக்கிழமை வாங்க," என்றார் பேச்சியம்மாள். "அன்னைக்குக் கூட்டம் கிடையாது."

*

செவ்வாய்க்கிழமை வந்தார்.

நீண்ட அறை. இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் காற்று போக ஓட்டைகள்.

"இழுங்க. குனிஞ்சு மோந்து பாருங்க. வாசனை இருந்தாச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்ததை இழுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மச்சாது இழுத்தார். ஐவிரல் சங்குகள் விரலை விரித்துக்கொண்டு கிடந்தன. அவர் பிறப்பதற்கு முன்பே கடலைவிட்டு வந்தவை. குனிந்து மோந்தார். ஒன்றுமில்லை.

அடுத்ததில் சோவி. ஒன்றுமில்லை.

அடுத்ததில் மட்டி. அதே மட்டிச் சிப்பியை வைத்துத்தான் அவர் அம்மா சட்டியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுவாள். அந்தக் கரகர சத்தம் காதில் கேட்டது. பசித்த மாதிரிகூட இருந்தது.

இன்னொன்றில் சின்னச் சின்ன வெள்ளைச் சங்குகள். ரெஜினா கால் நீட்டி உட்கார்ந்து, கைப்பிள்ளை ஹில்டாவை மடியில் போட்டு, இப்படி ஒரு சங்கில்தான் மருந்து புகட்டினாள். பிள்ளை மருந்தைத் துப்பியது. அது இவர் சட்டையில் விழுந்தது.

மச்சாது அந்த இழுப்பறையை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"வாசனை வருதா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர்."

கீழே இறங்கியதும் ஸ்கூட்டரில் ஏறினார். "என்ன பண்ணுனிய அங்க?" என்று ஹில்டா கேட்டாள். "ஒண்ணுமில்ல, போ," என்றார்.

*

இப்படியே சில செவ்வாய்க்கிழமைகள் போயின.

ஒருநாள் மச்சாதுவுக்குப் பொறுமை போய்விட்டது. போகும் என்று நமக்கும் தெரியும். கிரேனில் மேலே உட்கார்ந்து ஊரையே கீழே பார்த்த மனிதரைக் குனிந்து குனிந்து மோக்கச் சொன்னால் எத்தனை நாள் பொறுப்பார்?

"நான் வைக்கதுக்குக் கத்துக்க வந்தேன். நீங்க திறக்கதுக்கே விட்டுட்டிய."

"இன்னும் ரெண்டு அலமாரி இருக்கு."

"திறந்து திறந்து என்ன பிரயோசனம்? ஒண்ணுலயும் ஒரு வாசனை இல்ல! எங்க வீட்டுப் பெட்டியத் திறந்து பாருங்க. கடல் அப்படியே மணக்கும்."

பேச்சியம்மாள் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"என்ன பெட்டி?"

மச்சாது நிமிர்ந்தார். இதைத்தானே யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தார்.

"கப்பல்ல வந்த மரம். ஓக்கு. இரும்பு மாதிரி, கரையான் அண்டாது. நானே இழைச்சுச் செஞ்சேன். மூடுனா ஊசி நுழையாது. உள்ள வெல்வெட்டு. வருஷத்துக்கு ஒரு தடவ, அவ செத்த நாள்ல மட்டும் திறப்பேன். திறந்ததும் குப்புனு வரும் பாருங்க, மணப்பாட்டுக் கடல்! உப்புகூடப் பூத்துருக்கு."

"மக பாத்திருக்காளா?"

"அவளா? ஒருக்கா கையில எடுத்தா. தொடாதேன்னு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டா."

"அடுத்த வாரம் கொண்டு வாங்க," என்றார் பேச்சியம்மாள்.

*

பெட்டியைக் கோயிலில் நற்கருணைப் பாத்திரத்தை வைப்பதுபோல மேஜையில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"மோந்து பாருங்க."

பேச்சியம்மாள் குனிந்தார். மோந்தார்.

சிப்பிகளின்மேல் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்திருந்தது.

"எப்படி?" என்றார் மச்சாது.

பேச்சியம்மாள் எழுந்து வெளியே போனார். கேண்டீனுக்குப் போய், மேஜைமேல் மிளகாய் சாஸுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திருகி மச்சாதுவின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

மச்சாது மோந்தார்.

பிறகு பெட்டிக்குள் குனிந்து மோந்தார்.

மறுபடியும் பாட்டிலை மோந்தார்.

"இது வினிகர்லா?"

"ஆமா."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சிப்பி சுண்ணாம்பு அண்ணாச்சி. மரம் மூச்சு விடும். இறுக்கி மூடுன பெட்டிக்குள்ள அந்த மூச்சுக்குப் போக வழி இல்ல. புளிச்சுப்போகும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும்."

"அப்போ இந்த உப்பு?"

பேச்சியம்மாள் ஒரு சிப்பியின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்லத் தேய்த்தார். விரல் வெள்ளையானது. சிப்பியின் வரி ஒன்று காணாமல் போனது.

"இத்தன வருஷமா," என்றார் மச்சாது. வருடத்துக்கு ஒருமுறை அந்த வாசனைக்காகவே காத்திருந்தவர். அதை மோந்துதான் அழுவார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, யாரையாவது அடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

"இப்ப என்ன செய்யணும்?"

"தண்ணியில போட்டு அலசணும். காய வைக்கணும். இந்தப் பெட்டியில திரும்ப வைக்கக் கூடாது."

"அலசுனா அன்னைக்கு ஒட்டுன மணல் போயிருமே!"

"போகும்."

"வாசனையும் போயிரும்."

"போகணும்."

மின்விசிறி கிறீச்சென்று சுற்றியது. பிறகு பெட்டியைப் பேச்சியம்மாள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே செய்யுங்க. என்னால ஆகாது."

"எனக்கு இன்னொரு கை வேணும். கீழ நிக்க பிள்ளையக் கூப்பிடுங்க."

"அவ கை பட்டா..."

"படட்டும்."

*

ஹில்டா மாடிக்கு வந்தாள். மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதையா கொண்டு வந்திய?"

சொல்லும்போதே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முப்பத்தைந்து வயதுப் பெண். சின்னப் பிள்ளைகள் கடையில் கண்ணாடிச் சாமான் முன்னால் நிற்பதுபோல நின்றாள். மச்சாது அதைப் பார்த்தார். பார்க்காமலிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தார்.

"அலசும்மா. அழுத்தித் தேய்க்காத."

ஹில்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் ஒன்றை எடுத்து அலசினாள். இன்னொன்றை அலசினாள். தண்ணீர் பால் மாதிரி ஆனது. மணல் அடியில் போய் உட்கார்ந்தது. துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். வெள்ளை போன இடத்தில் இளஞ்சிவப்பும் பழுப்பும் அங்கங்கே தெரிந்தன. எல்லாம் பிழைக்கவில்லை. சில சிப்பிகள் முகமே இல்லாமல் போயிருந்தன.

நடுவில் ஒரு சிப்பியில் கை நின்றது. துளைபோட்டதுபோல வட்டமாக ஓர் ஓட்டை அதில் இருந்தது.

ஹில்டா சிரித்துவிட்டாள்.

"ஏ அப்பா! ஓட்டைச் சிப்பி! இது இன்னுமா இருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? இதுல நான்தான நூல் கோத்தேன். அம்மா முந்தியில இருந்து நூல் உருவி. அவ கையில வளையல் மாதிரி கட்டிவிட்டேன். பஸ்ஸுல வரும்போது நூல் அந்துபோச்சு, இது உருண்டு போச்சு. அம்மா கண்டக்டர்கிட்ட பஸ்ஸ நிப்பாட்டுன்னு ஒரே சண்டை. 'எம்பிள்ள கோத்துத் தந்தது, எடுக்காம எறங்க மாட்டேன்'னு. நீங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சீட்டுக்கு அடியில தவழ்ந்திய. ஞாபகம் இல்லியா?"

மச்சாதுவுக்கு அந்த பஸ் கண்முன் வந்தது.

சீட்டுக்கு அடியில் இருட்டு. யாரோ சிந்திய பொரிகடலை. யாருடைய செருப்போ. கையில் சிப்பி தட்டுப்பட்டு, நிமிர்ந்து மேலே பார்க்கிறார். அங்கே ரெஜினாவின் முகம். மூக்கு விடைத்து, முடி பறந்து, கோபத்தில் சிவந்து, இவரைப் பார்த்ததும் பொசுக்கென்று சிரிப்பு வந்து, அதை அடக்கப் பார்க்கிற முகம். அது எந்தப் போட்டோவிலும் கிடையாது.

"அவ பொறுக்குனதுன்னுலா நினைச்சேன்," என்றார் மெதுவாக.

"அம்மா எங்க பொறுக்குனா? காலு வலிக்குன்னு மணல்ல உக்காந்துட்டா. நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுபோயி அவ முந்தியில போட்டேன்."

"நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

ஹில்டா தண்ணீருக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"தொடாதேன்னு சொன்னிய. கேக்கலியே அப்பா."



பேச்சியம்மாள் துணியிலிருந்து அந்த ஓட்டைச் சிப்பியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்கே எடுத்தது அண்ணாச்சி?"

"மணப்பாடு."

"யார் எடுத்தது?"

மச்சாது மகள் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஏன் கேக்கிய டீச்சர்?" என்றார். "எடுத்த பிள்ள பக்கத்துல நிக்கால்லா?"