கட்டையன் படுத்த குட்டை

ஏரிக்குக் கீழே ஒரு குட்டை. அதன் நடுவில் கட்டையன் என்ற எருமை படுத்துக் கிடக்கும். அதன் வயிற்றோரச் சேற்றில் தவளைகள் குடியிருந்தன. கரையில் ஒரு நண்டும் இருந்தது.

ஒருநாள் வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின. காற்று பிரமாதம் என்றன. இடம் பார்த்துக் கொடுக்கும் நரி கூடவே வந்தது.

நரி, தவளைத் தலைவன் சொறியனைத் தனியே அழைத்தது. பெரிய இடத்து ஆட்களுக்கு எருமை நாற்றம் ஆகாதாம். அது போய்விட்டால் குட்டைக்கே மவுசு கூடுமாம், தவளைகளையும் மதிப்பார்களாம். சொறியனுக்குக் கன்னம் இன்னும் உப்பியது.

நண்டு மட்டும் வேண்டாம் என்றது. "உனக்குச் சேறு போயிடுமேன்னு கவலை" என்று தவளைகள் சிரித்தன.

தவளைகள் கட்டையனைப் போகச் சொல்லிவிட்டன. அது வாலைச் சுழற்றிவிட்டு, கல் உடைத்த பள்ளமான கல்குழிக்குப் போய்விட்டது.

சேறு அடங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. தவளைகளுக்கு ஒளிய இடமில்லை. நரி மறுபடி வந்தது.

"ராத்திரி உங்க சத்தத்துல அவங்களுக்குத் தூக்கம் கெடுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கடை இருக்கு, போயிடுங்க. இருக்கறதுன்னா இருங்க. அவங்களுக்குப் பசியும் எடுக்கும்."

அன்று மாலைக்குள் சொறியனின் தம்பியைக் காணோம்.

தவளைகள் கல்குழிக்கு ஓடின. நண்டும் பின்னாலேயே போனது, சொல்லிக்காட்ட.

"நாத்தம் போயிருச்சா?" என்றது கட்டையன்.

சொறியன் முன்னால் வந்து சொன்னது: "தப்பு எங்களுதுதான் அண்ணே. வந்துடுங்க."

"வர்றேன். ஆனா, இனிமே நரி எவனைத் தனியா கூப்பிட்டாலும், எல்லாரும் சேர்ந்துதான் போகணும்."

கட்டையன் திரும்பி வந்து குட்டையில் தொபீரென்று விழுந்தது. வெள்ளை இறகெல்லாம் சேறு! கொக்குகள் அலறிக்கொண்டு பறந்தன.

மறுநாள் நரி, "சொறியா, உன்கிட்ட மட்டும் ஒரு விஷயம்" என்று தொடங்கியது. சொறியன் குரல் கொடுத்தது. குட்டை முழுக்கத் தவளைகள் எழும்பி வந்து சுற்றி உட்கார்ந்தன. முன்னால் நண்டு, கொடுக்கை விரித்தபடி. பின்னால் கட்டையன்.

"சொல்லு, எல்லாரும் கேக்கறோம்" என்றது சொறியன்.

நரிக்கு அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

பக்கத்துக் குடியை விரட்டத் துணைபோகிறவன், தன் வீட்டு வேலியைத் தானே பிடுங்கிப் போடுகிறான்.