முடிசூட்டு நாளின் காலளவு

முன்னொரு காலத்தில் குன்றடி நாடு என்றொரு நாட்டை உதயகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் செருப்பு கடித்துவிட்டால் அவனுக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும்.

செருப்பு கடிக்காத நாளும் அவனுக்கு இல்லை. சுண்டுவிரல் வெளியே பிதுங்கும், குதிகால் பின்னால் தொங்கும், வார் பதிந்து புறங்கால் சிவந்துபோகும். அதற்காக, அந்தச் சின்ன நாட்டில் செருப்புத் தைக்கிற நாலே செம்மான்களில் அதுவரை மூன்று பேரின் வலது கைப் பெருவிரலை வெட்டியாகிவிட்டது. பெருவிரல் இல்லாத கையால் குத்தூசி பிடிக்க முடியுமா? மூன்று குடும்பமும் கஞ்சிக்கு அலைந்தன. நாலாவதாகச் சிறையில் கிடந்தவன் சடையன். மறுநாள் உச்சிப்பொழுதில் அவன் விரலையும் எடுப்பதென்று தீர்ப்பாகிவிட்டது.

சடையன் தைத்ததில் குறை இல்லை என்று அவன் மனைவி அங்காயிக்குத் தெரியும். தோலை ஊறவைத்துக் கொடுத்தவளே அவள்தான். அளவுப் பலகையை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை.

அது என்ன பலகை என்கிறீர்களா? தோல் தைக்கிறவன் ராஜாவின் காலைத் தொடக்கூடாது என்பது அரண்மனை வழக்கம். அதனால் முடிசூட்டிய அன்றே ராஜாவைச் சந்தனப் பலகையின் மேல் நிறுத்தி, வலது பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதே அளவுக்கு அறுத்து வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே அளவில்தான் செருப்பு. பலகைக்குக் காவல் பிரதானி விருத்தகிரி. "மகாராஜா, முடிசூடிய அன்று இருந்தபடியே இருக்கிறீர்கள்" என்று தினமும் சொல்லியே அவன் அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தான். போதாக்குறைக்கு, ராணிக்குச் சடையன் தைத்த செருப்பை ராஜா ஒருமுறை மெச்சி, தன் கையாலேயே வெற்றிலை கொடுத்திருந்தான். அன்றிலிருந்து பிரதானிக்கு வயிற்றெரிச்சல்.

சிறையில் அங்காயி புருஷனைப் பார்த்தாள். சடையன் மெதுவாகச் சொன்னான்: "ராஜா நடந்து போறப்போ பார்த்தேன். அந்தக் காலு பலகைக்குள்ள அடங்காது. அதைச் சொன்னா, ராஜாவுக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னதா ஆயிடும். தலை போயிடும். விரலோட போகட்டும், விடு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அங்காயி நெடுநேரம் அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்கு ஒரு யோசனை இருந்தது.

மறுநாள் சபை கூடியது. தண்டனைக்கு முன்னால் குற்றவாளியின் வீட்டார் ராஜாவின் காலில் மஞ்சள் நீர் ஊற்றி மன்னிப்புக் கேட்கலாம் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேட்டு யாருக்கும் கிடைத்ததில்லை, வழக்கம் மட்டும் இருந்தது. அங்காயி மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்துக் குடம் நிறையக் கொண்டுவந்தாள். ராஜா கீழே இறங்கி வந்து மணையில் உட்கார, பாதம் முழுதும் நனையும்படி ஊற்றினாள். ராஜா எழுந்து நாலடி நடந்து சிம்மாசனத்தில் ஏறினான். வெள்ளைக் கல் தரையில் மஞ்சள் தடங்கள் பளிச்சென்று பதிந்தன.

"சாமி, ஒரே ஒரு தடவை அந்தப் பலகையை இந்தத் தடத்து மேல வைக்கச் சொல்லுங்க."

"வைத்தால் என்ன தெரியும்?"

"எம்புருஷன் செஞ்ச தப்பு தெரியும் சாமி. விரலைக் கொடுக்கப் போறவன் தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கட்டும்."

பலகையை வைத்தார்கள். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வெளியே தெரிந்தது.

அங்காயி தரையைப் பார்த்தபடி பேசினாள். "சாமி காலு முடிசூட்டுன அன்னைக்கு இருந்தபடியே இருக்குன்னு பிரதானி ஐயா தினம் சொல்றாரு. அவர் பொய் சொல்வாரா? அப்போ பலகைதான் காஞ்சு சுருங்கியிருக்கு. அதுக்குக் காவல் யாருன்னு எனக்குத் தெரியாது."

"பலகை சுருங்காது. பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்" என்று விருத்தகிரி பதறினான்.

ராஜா அவன் பக்கம் திரும்பினான். "அப்படியானால் என் கால் மாறிவிட்டது என்கிறீரா, பிரதானி?"

பலகை சுருங்கியது என்றால் காவல்காரனான விருத்தகிரியின் விரல் போகும். ராஜாவின் கால் மாறியது என்றால் தலையே போகும். "பலகை... கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் மகாராஜா" என்று முனகினான்.

"மூன்று பேர் விரல் போனபோது இது உமக்குத் தெரியுமா?"

விருத்தகிரி இரண்டடி பின்வாங்கினான். ராஜா குனிந்து, மஞ்சள் பூசிய தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தடித்து, விரல்கள் அகன்று, வயதான காலாக இருந்தது.

சடையனை அவிழ்த்துவிட்டார்கள். அவனுக்காக எடுத்து வைத்திருந்த கத்தி உறைக்குள் போனது. பலகை அளவுச் செருப்பை விருத்தகிரியின் பெரிய காலில் மாட்டி, கோட்டையை மூன்று சுற்று சுற்றிவரச் சொன்னான் ராஜா. தெருவே கூடிநின்று சிரித்தது. அங்காயிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் சடையன் முதன்முதலாக ராஜாவின் காலைத் தொட்டான். நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலத்தில்தான் சற்று வீங்கி இருக்கும், அப்போது எடுப்பதே சரியான அளவு என்றான். இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவுக்கு ஓலை நறுக்கினான். இடது கால் ஒரு நெல் அகலம் பெரிதாக இருந்தது. விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, வாரைத் தளர்த்தித் தைத்தான். போட்டு நடந்த ராஜா நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

"இனி நீதான் அரண்மனைச் செம்மான். அங்காயி, உனக்கு என்ன வேண்டும்?"

"எங்களைப் போக விடுங்க சாமி."

"ஏன்? செருப்பு சரியாகத்தானே இருக்கிறது?"

"இன்னைக்குச் சரியா இருக்கு. நாளைக்கு உங்க காலு மாறும். அன்னைக்கு உங்க கோபம் எவ்வளவு இருக்கும்னு அளக்க எங்ககிட்ட ஓலை இல்ல."

ராஜாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. சரி என்று தலையசைத்தான். விரல் இழந்த மூன்று வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் வண்டி எல்லை தாண்டிப் போனது.

ஆறாம் மாதம் அந்தச் செருப்பின் வார் அறுந்தது. நாடெங்கும் முரசு அறைந்து தேடினார்கள். அதைத் தைத்துக் கொடுக்க அந்த நாட்டில் ஒரு கைகூட மிச்சமில்லை.