யானை ஏறத் தெரியாத ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கன்னலாற்றின் தென்கரையைக் கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நின்ற இடத்தில் நிற்க மாட்டார். ரசம் பரிமாறுவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவார். அப்படிப்பட்டவரின் மனத்தைக் குளிரவைக்க, படகுத்துறையை மேற்பார்வையிட்ட கருடராயர் ஒரு சட்டம் கண்டுபிடித்தார். படகு கரைக்கு வந்ததும் முரசு பத்து முறை முழங்கும். அதற்குள், யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறவருக்குத்தான் படகு. ராஜா பூரித்துப்போய் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

பாய் நெய்யும் பூவாயிக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. படகின் விளிம்போ இடுப்பு உயரம். அக்கரையில் மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது என்று ஆள் வந்து சொல்லி மூன்று நாளாகிறது. மூன்று நாளும் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். முரசு ஓய்ந்தது, படகு போனது. கை கொடுக்க வந்த ஓடக்காரன்மேல் கருடராயரின் ஆட்கள் பிரம்பை ஓங்கினார்கள். நான்காம் நாள், ஊன்றுகோலோடு அரசவைக்கே வந்துவிட்டாள்.

"என்ன வேண்டும்? சீக்கிரம் சொல்" என்றார் ராஜா. அப்போதே பாதி எழுந்தாயிற்று.

"சட்டம் ரொம்ப நல்ல சட்டம் மகாராசா. ஆனா படகோட நின்னுபோச்சே. வண்டி, பல்லக்கு, குதிரை, ஆனை எல்லாத்துக்கும் வச்சா நாடே வேகமாப் போகுமில்ல?"

தன் சட்டத்துக்கு வேறொருத்தி பேர் வாங்கிவிடுவாளோ என்று கருடராயருக்கு வயிறு எரிந்தது. "நானே இன்று விண்ணப்பிக்க இருந்தேன் பிரபு" என்று முந்திக்கொண்டார்.

"யாருக்கும் விலக்கு கிடையாதுங்களா சாமி?"

"ஒருவருக்கும் கிடையாது" என்றார் கருடராயர்.

ராஜா முத்திரை குத்தினார். குத்திய கையோடு, ஏரியைப் பார்க்கப் புறப்பட்டு முற்றத்துக்கு ஓடினார். பட்டத்து யானை நின்றது. அதன் கழுத்தில் இருந்த பாகன், மண்டியிடச் சொல்ல வாயெடுத்தான்.

"பாகரே, கை கொடுக்கக் கூடாதாம். ஆனை மண்டி போட்டா அதுவும் கை கொடுக்கறதுதானே? முத்திரை இப்பத்தான் விழுந்துச்சு" என்றாள், பின்னாலேயே வந்துவிட்ட பூவாயி.

பாகன் வாயை மூடிக்கொண்டான். ஏணி தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அரண்மனை முரசுக்காரன் சட்டத்துக்குப் பயந்தவன், அடிக்கத் தொடங்கினான். ராஜா தந்தத்தைப் பிடித்தார், காதைப் பிடித்தார், காலைக் கட்டிக்கொண்டார். கிரீடம் மண்ணில் உருண்டது. பத்தாவது அடி விழுந்ததும் யானை காலி அம்பாரியோடு வாசலைத் தாண்டிப் போயிற்று.

"மன்னருக்கு யானை மண்டியிடுவது மரியாதை. அதுவும் இவளைத் தூக்கிவிடுவதும் ஒன்றா?" என்று குதித்தார் கருடராயர்.

"மகாராசா ஒருநாளும் தனியா ஆனை ஏறினதில்ல சாமி. ஆனை தாழுது, ஏணி வருது, நாலு பேர் தாங்கறாங்க. அதை யாரும் ஒத்தாசைன்னு சொல்றதில்ல, பழகிப்போச்சு. எங்களுக்கும் ஒரு பலகை போட்டா, அதுவும் பழகிப்போகும்."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. "உனக்கு ஒரு பல்லக்கு தருகிறேன். இப்போதே கிளம்பு" என்றார்.

மகளை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் சொன்னாள். "பல்லக்கு என் ஒருத்தியத்தான் தூக்கும். துறையில என்னோட நிக்கிறவங்களை யாரு தூக்குவா?"

ராஜா துறைக்கு நடந்தே போனார். அங்கே பார்வையில்லாத ஒருவர், மூச்சு வாங்கும் இரண்டு கிழவர்கள், செருப்புத் தைக்கும் சாத்தன். சாத்தனுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஏற வந்தால், தோலைத் தொடுகிறவன் என்று படகில் இருப்பவர்கள் மறிப்பார்கள். ராஜா அங்கேயே சட்டத்தைக் கிழித்தார். சரிவுப் பலகை வந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் படகு நகரும், சாத்தனை மறிப்பவன் இறங்கி நீந்தலாம் என்றார். பலகையைப் பிடித்துக்கொள்ளும் வேலை, முட்டளவுத் தண்ணீரில், கருடராயருக்குக் கிடைத்தது.

பூவாயி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு வலி கண்டிருந்தது.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் மகள்.

"ராஜாவுக்கு ஆனை ஏறத் தெரியலடி, அதான்" என்று சொல்லி, பூவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.