ஏழின் பக்கம்

இந்த மனிதர் இன்றைக்கும் தோற்கப் போகிறார், தோற்றுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் உடனே சிரிக்க வைத்தாக வேண்டும் என்று பச்சைநாச்சி நினைத்துக்கொண்டாள். சபையில் அவள் வேலை வேடிக்கை பேசுவது. உள்ளே ஓடுவதைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாம் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசருக்குப் பகடைப் பித்துப் பிடித்திருந்தது. ஆட்டம் எளிது. இரண்டு பகடைகளை உருட்டுவார். விழுந்த புள்ளிகளைக் கூட்டினால் வருவது அவருடைய குறி. பிறகு உருட்டிக்கொண்டே இருப்பார். குறி மறுபடி விழுந்தால் உருட்டியவருக்கு வெற்றி. அதற்கு முன் ஏழு விழுந்துவிட்டால் தோல்வி. முதல் உருட்டிலேயே ஏழு வந்தால் அது கணக்கில்லை.

பந்தயம் கட்டுகிறவர்கள் உருட்டுபவர் பக்கமும் நிற்கலாம், ஏழின் பக்கமும் நிற்கலாம். ஆனால் உருட்டுவது அரசர் ஆயிற்றே, அவருக்கு எதிராக எவன் நிற்பான்? சபை முழுக்க அரசர் பக்கம். மறுபக்கம் யாராவது ஒருவர் இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி நடக்கும்? அந்தப் பொறுப்பை அமைச்சரான தானாதிபதி கச்சிராயர் ஏற்றுக்கொண்டார். "மகாப்பிரபு, தங்களுக்கு எதிரே நிற்கும் துர்ப்பாக்கியத்தை இந்த அடிமையே சுமக்கிறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் சுமந்து சுமந்து அரசருடைய மாந்தோப்பும், வெள்ளித் தேரும், மயில்கள் எல்லாமும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

அன்றும் ஏழு விழுந்தது. அரசர் பகடையை விட்டெறிந்தார்.

"எனக்கென்றே இந்த ஏழு பிறந்து வந்திருக்கிறதா? பச்சைநாச்சி, ஊரில் உள்ளதையெல்லாம் கேலி பண்ணுகிறாயே, நான் ஜெயிக்க ஒரு வழி சொல்லேன்!"

கச்சிராயர் முந்திக்கொண்டார். அவர் சொல்லும் வேடிக்கைக்கு யாரும் சிரித்ததில்லை. அந்தப் புகைச்சல் அவருக்கு நெடுநாளாக இருந்தது. "சரியாகச் சொன்னீர்கள் மகாப்பிரபு. ஒரே ஆட்டம். தாங்கள் வென்றால் இதுவரை நான் சுமந்த அத்தனையையும் திருப்பித் தருகிறேன். தோற்றால் அம்மணி இனி இந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது. வழி சொல்லத் தெரியாத வாய் எதற்கு?"

அரசர் இருந்த எரிச்சலில் தலையை ஆட்டிவிட்டார்.

கணவன் போன பிறகு பச்சைநாச்சியின் வீட்டில் பேச ஆளில்லை. சமைத்தால் ஒரு தட்டு, விளக்கு வைத்தால் ஒரு நிழல். நாள் முழுக்க அவள் பேசும் பேச்செல்லாம் இந்தச் சபையில்தான். அதுவும் போனால் தான் யார் என்று தேடிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. முகத்தில் மட்டும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"அரசர் வெல்ல வேண்டும், அவ்வளவுதானே கச்சிராயரே?"

"அவ்வளவேதான்."

"வேறு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் நான் ஊமையான பிறகு என்னோடு வழக்காட முடியாது."

"அரசர் வெல்ல வேண்டும். வேறொன்றும் இல்லை!" என்று அவர் சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அப்படியானால் அரசே, பகடையை என்னிடம் கொடுங்கள். இன்று நான் உருட்டுகிறேன். தாங்கள் ஏழின் பக்கம் நில்லுங்கள்."

கச்சிராயர் எழுந்தே விட்டார். "அதெப்படி? அது என் பக்கம்!"

"துர்ப்பாக்கியம் என்று அழுதீர்களே ஐயா! இன்று ஒரு நாள் அதை அரசர் சுமக்கட்டும். அவருக்கு எதிரே நிற்பதுதானே உங்கள் ஊழியம்? இப்போது எதிர்ப்பக்கம் என்னுடையது. வாருங்கள், கூச்சப்படாமல் பக்கத்தில் நில்லுங்கள்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசர் மீசையைத் தடவினார். "உருட்டு."

இரண்டும் இரண்டும் விழுந்தன. குறி நான்கு.

"அரசே, ஒன்றும் மூன்றும், இரண்டும் இரண்டும், மூன்றும் ஒன்றும் என்று நான்கு விழ மூன்று வழிதான் உண்டு. ஏழு விழ ஆறு வழி. எந்தக் குறி வந்தாலும் ஏழுக்குத்தான் வழி அதிகம்" என்றாள் பச்சைநாச்சி.

"பாவி, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"அரசருக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள் என்று அரசரிடமே எப்படிச் சொல்வது? கச்சிராயர் புண்ணியத்தில் இன்றைக்குத்தான் வாய்த்தது."

வழி அதிகம் என்பதால் அது வந்தே தீரும் என்றில்லை. அவளுக்கு அது தெரியும். மறுபடி உருட்டினாள். ஒன்பது. இன்னொரு தரம். ஐந்து. அடுத்ததில் ஒரு பகடை ஒன்றைக் காட்டி நின்றுவிட்டது. மற்றது முனையில் நின்று பம்பரமாகச் சுழன்றது. மூன்று விழுந்தால் நான்கு, ஆறு விழுந்தால் ஏழு.

"மூன்று! மூன்று விழு!" என்று கச்சிராயர் தன்னை மறந்து கூவினார்.

பச்சைநாச்சியும் தன்னை மறந்துதான் நின்றாள். சபை மறந்துபோயிற்று, ஊமையாகப் போகிற பயம்கூட மறந்துபோயிற்று. ஆறு வேண்டும், ஆறு வேண்டும் என்று உடம்பெல்லாம் கேட்டது. இத்தனை பசி தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை. அது இனிப்பாக வேறு இருந்தது.

ஆறு விழுந்தது.

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கிரீடம் சரிந்தும் நிறுத்தவில்லை. "தோற்று ஜெயித்தவளை இன்றுதான் பார்க்கிறேன்! அது சரி, மூன்று விழச் சொல்லிக் கூவியது யார், கச்சிராயரே?"

"மகாப்பிரபு, ஊழியம்..."

"தெரிகிறது, தெரிகிறது. மயில்களை அனுப்பும்போது தீனியும் சேர்த்து அனுப்பும்!"

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். பிறகு சின்னப் பிள்ளை போல முகம் மலர்ந்து பகடைகளைப் பொறுக்கி அவள் முன் நீட்டினார். "நாளை முதல் உனக்கு என் பக்கத்திலேயே ஆசனம். நீதான் உருட்ட வேண்டும். இப்போதே இன்னொன்று ஆடுவோம். ம், வாங்கிக்கொள்."

அவள் கை தானாக முன்னே போயிருந்தது. அதைப் பார்த்தாள். மெதுவாக இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம், அரசே."

"ஏன், பயமா?"

"இல்லை. எனக்குப் பிடித்திருந்தது" என்றாள் பச்சைநாச்சி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அதனால் வேண்டாம்."