இரண்டாவது சத்தம்

முதலில் சத்தம்தான் கேட்கும். இரும்பு பின்னால் இழுபட்டு, முன்னால் போய் விழுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்தால் அதே சத்தம் இன்னொரு தடவை. ஆயுதக் கிடங்கைத் தாண்டிப் போகிற போலீஸ்காரர்கள், ஒரு துப்பாக்கிக்கு எதற்கு இரண்டு சத்தம் என்று யோசித்ததில்லை.

முதல் சத்தம் பலவேசத்துடையது. ஜீப் ஓட்டி ஓட்டி இடுப்பு போனவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு துப்பாக்கி பிரித்துத் துடைக்கிற இந்த வேலை படிக்க வந்திருந்தார். இரண்டாவது, அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏட்டம்மா ரெஜினாவுடையது. வயதில் பலவேசத்துக்குத் தங்கை மாதிரி.

துப்பாக்கி கைக்கு வந்ததும் போல்ட் என்கிற அந்த இரும்பை இழுத்து, தோட்டா உட்காரும் குழியைக் கண்ணால் பார்க்க வேண்டும். சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். காலி என்றால்தான் பிரிக்கலாம். பலவேசம் ஒழுங்காகச் செய்து நீட்டுவார். ரெஜினா வாங்கி, அவர் பார்க்கவே இல்லை என்பதுபோல மறுபடி இழுப்பார், பார்ப்பார், தடவுவார்.

அன்று பாயில் உட்கார்ந்திருந்த பலவேசம் துப்பாக்கியை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கலாமா ஏட்டம்மா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நான் பாத்தா பாத்ததா ஆகாதா?”

“ஆகும்.”

“பொறவு நீங்க ஏன் பாக்கீய?”

ரெஜினா கையிலிருந்த துணியை மடித்தார். பலவேசம் விடவில்லை.

“வண்டிப் பிரிவுல திரும்பக் கூப்பிடுதாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இடுப்பு போனாப் போவுது. அங்க நான் வண்டியை நிறுத்தினா, பிரேக் போட்டிருக்கானான்னு எவனும் குனிஞ்சு பாக்கமாட்டான்.”

“அந்த ஜீப்புக்குப் பிரேக் இருந்துச்சா?”

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“சிரிக்க வச்சுச் சமாளிக்காதீங்க. என் கண்ணு மேல நம்பிக்கை இல்லைன்னா சொல்லிருங்க.”

“முதல்ல அதைப் பிரிங்க. வேலை கிடக்கு.”

பிரித்தார். பின்பக்கம் வால்போல நீண்ட கம்பியைப் பிடித்து இழுத்ததும் போல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது. தோட்டாவைக் குத்துகிற பின்னைக் கழற்றினார். அதன் ஸ்பிரிங் துள்ளிப் பாய்க்கு அடியில் ஓடியது. தேடி எடுத்து வந்து எண்ணெய்க் குப்பியைச் சாய்த்தார்.

“அண்ணாச்சி, தோசைக்கல் இல்ல இது. ஒரு சொட்டு போதும். மிச்சம் விட்டா தூசிதான் வந்து குடியிருக்கும்.”

துடைத்ததை எல்லாம் ரெஜினா வாங்கித் திரும்பத் துப்பாக்கியாகப் பூட்டினார். போல்ட் முன்னால் போய் விழுந்தது. துப்பாக்கியை அவரிடம் நீட்டினார்.

“அலமாரியில வச்சிருங்க.”

பலவேசம் இரண்டு கையாலும் வாங்கி, நேரே அலமாரிக்கு நடந்தார்.

“நில்லுங்க. ஏன் இழுத்துப் பாக்கலை?”

“நீங்க குடுத்ததையா? நான் இழுத்துப் பாத்தா மரியாதையா இருக்குமா?”

“இழுங்க.”

இழுத்தார். ஒரு தோட்டா தெறித்து விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. வகுப்பில் காட்ட வைத்திருக்கும், மருந்தில்லாத டம்மிதான். பலவேசம் ரெஜினா பக்கம் திரும்பினார்.

“எப்ப வச்சீய?”

“நீங்க ஸ்பிரிங்கைத் தேடுனீயல்லா, அப்ப கையில எடுத்தேன். பூட்டும்போது உள்ள போட்டேன்.”

“என்னைச் சோதிக்கவா?”

ரெஜினா குனிந்து டம்மியை எடுத்தார். முந்தானை இல்லாத காக்கிச் சட்டையிலேயே அதைத் துடைத்தார்.

“இந்த அறைக்கு வந்த நாள்லேர்ந்து தனியாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. நான் பாத்ததுக்கு மேல பாக்க ஆள் கிடையாது. வீட்டுல சோறு உண்ணும்போது நெனப்பு வரும், கடைசித் துப்பாக்கியைத் தடவினோமா இல்லையான்னு. பாதிச் சோத்துல எந்திரிச்சு இங்க வந்திருக்கேன். உங்களுக்கு அந்தப் பாடு இல்ல, நான் இருக்கேன்.”

ரெஜினா டம்மியைப் பெட்டியில் போட்டு மூடினார்.

“எனக்கு மேல பாக்க ஒரு ஆள் எப்ப வருவாருன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

பலவேசம் கையிலிருந்த துப்பாக்கியின் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். அலமாரியில் வைத்துவிட்டுப் பாயில் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரெஜினா அடுத்ததை எடுத்தார். இழுத்தார், பார்த்தார், தடவினார். நீட்டினார்.

பலவேசம் வாங்கி, போல்ட்டை இழுத்தார்.