சிரெலின் நாற்காலி

செவி கொடுங்கள், சிறியோரே, பெரியோரே. பனி மிகுந்த வடதேசத்தில், இரயில் இன்னும் வராத காலத்தில், யூதர்கள் வாழ்ந்த ஓர் ஊரில் செலிக் என்றொரு பிடில்காரர் இருந்தார். கம்பி வாத்தியத்தைச் சிறு கோல்களால் தட்டி இசைக்கும் ஹெனோக் அவருடைய கூட்டாளி.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்குப் போகுமுன் மணப்பெண்ணை நாற்காலியில் அமர்த்துவார்கள். பிடில் அழும், அவளும் அழுவாள். பழைய துயரம் அங்கேயே கரைந்துவிட வேண்டும். புது வீட்டுக்குள் வரலாகாது. அந்தப் பாட்டை வேறெந்த வேளையிலும் வாசிப்பதில்லை.

சிரெல் தாயற்றவள், பிறர் வீட்டு அடுப்படியில் வளர்ந்தவள். அவள் செலிக்கிடம் வந்தாள்.

“எசமானி வீட்டில் அழுதால் அபசகுனம் என்பார்கள், ஐயா. அம்மாவுக்காக அழ எனக்கு அந்த ஒரு நாற்காலிதான் உண்டு. வெள்ளிக்கிழமை எனக்குத் திருமணம், வந்துவிடுங்கள்.”

“வருகிறேன்” என்றார் செலிக்.

அதே வெள்ளியன்று காலை, மாவரைக்கும் ஆலைக்காரர் வீட்டிலும் திருமணம். செலிக்கும் ஹெனோக்கும் அங்கே வாசித்தார்கள். நூறு விருந்தினர், நூறு பாராட்டு.

நண்பகலில் ஹெனோக் கேட்டார்: “செலிக், கிளம்புவோமா?”

“இந்த ஆட்டம் முடியட்டும்.”

நிழல் நீண்டபோது கேட்டார்: “செலிக், கிளம்புவோமா? அந்தப் பெண் காத்திருப்பாள்.”

“காத்திருக்கட்டுமே! அங்கே என் வாசிப்பைக் கேட்க யார் இருக்கிறார்கள்? மூன்று கிழவிகளும் ஒரு கோழியும்தானே?”

கூடம் சிரித்தது. செலிக்கும் சிரித்தார்.

மூன்றாம் முறை ஹெனோக் ஒன்றும் கேட்கவில்லை; கோல்களைத் துணியில் சுற்றினார். அதன் பிறகே செலிக் சன்னலைப் பார்த்தார்.

வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பின் எந்த வாத்தியத்தையும் தொடலாகாது. இருவரும் பனியில் ஓடினார்கள். சிரெலின் சன்னலில் ஓய்வுநாள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கடைசி ஒளிவரை நாற்காலியில் காத்திருந்து, வறண்ட கண்களுடன் அவள் பந்தலுக்குப் போய் வந்திருந்தாள்.

“வாருங்கள், ஐயா. குளிரில் வந்திருக்கிறீர்கள், ரொட்டி சாப்பிடுங்கள்” என்றாள். வேறொரு சொல் சொல்லவில்லை. அதைத்தான் செலிக்கால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மூன்று விண்மீன்கள் தோன்றி ஓய்வுநாள் முடிந்ததும், பிடிலோடு அவள் வாசலில் நின்றார்.

“இப்போது வாசிக்கிறேன், அம்மா. இதுவரை எவருக்கும் வாசிக்காதபடி வாசிக்கிறேன்.”

“அந்தப் பாட்டுக்கு மணப்பெண் வேண்டும், ஐயா. நான் நேற்றே மனைவியாகிவிட்டேன்.”

கதவை மெல்லச் சாத்தினாள்.

பிறகும் செலிக் பல மணப்பெண்களை அழவைத்தார். ஒவ்வொரு முறையும் முதலில் நனைந்தது அவருடைய பிடில்தான். சிரெல் அழுததை மட்டும் அவ்வூரார் கடைசிவரை பார்க்கவில்லை.

ஆதலின் அறிந்துகொள்ளுங்கள்: உரிய வேளையில் செய்யத் தவறிய கடமையைப் பிற்பாடு எவ்வளவு அழகாகச் செய்தாலும், அது செய்ததாகாது.